கேப்டனே வந்து கேட்டாலும்

நான் திண்டுக்கல்காரி. பூட்டைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வேப்பம்பட்டுக்கு வந்த பிறகு ஒரு விண்வெளித் தொடர் வந்து நன்றாகவே கதை விட்டது.

என் கணவருக்கு அந்தத் தொடர் என்றால் உயிர். தமிழில் குரல் கொடுத்து, ஒரு பாகம் முடிந்தால் அடுத்த பாகம் என்று அது எங்கள் வீட்டு டிவியில் ஓயாமல் ஓடும். அதில் ஒரு பூட்டு வரும். மூச்சுப்பூட்டு என்று பெயர். சாவித்துவாரம் கிடையாது, எண் கிடையாது, கைரேகை கிடையாது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு மட்டும் இருக்கும். கப்பலை விட்டு வெளியே போகிறவர் கதவைச் சாத்தி அந்தத் தகட்டில் ஒருமுறை ஊதிவிட்டுப் போவார். பிறகு அதே ஆள் திரும்பி வந்து ஊதினால்தான் கதவு திறக்கும். பீரங்கி வைத்தாலும் அசையாது. கப்பலின் கணினியே கெஞ்சினாலும் அசையாது. ஊதியவர் வழியில் செத்துவிட்டால் அந்தக் கதவு அதற்கப்புறம் வெறும் சுவர்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், அந்தத் தொடரில் வருகிற எதிரிகள் அப்படி. குரல்திருடிகள் என்று பெயர். நம் முகத்தை எடுத்துக்கொள்ளும், குரலை எடுத்துக்கொள்ளும், சின்ன வயதில் நாம் எங்கே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டோம் என்பது வரைக்கும் ஞாபகத்தையும் எடுத்துக்கொள்ளும். மூச்சு மட்டும் அவற்றுக்குக் கிடையாது. அதனால் மூச்சை மட்டும்தான் நம்பலாம்.

எனக்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்து வைத்ததில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. "ஊதினவருக்கு ஜலதோஷம் புடிச்சா என்ன ஆகும்? பச்சை வெங்காயம் தின்னுட்டு வந்தா கதவு திறக்குமா?" என்று கேட்பேன்.

"அதெல்லாம் அவங்க யோசிச்சிருப்பாங்க" என்பார்.

"யோசிச்சிருக்க மாட்டாங்க. நான் தினம் பாக்குறேன், ஒருத்தரும் யோசிக்கறதில்ல" என்பேன்.

எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் இந்த வாதத்தில் எப்போதும் அப்பா கட்சி. அவளுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பகுதி இருந்தது. கேப்டன் வெளியே போகும்போது காவலுக்கு இருக்கிற பெண்ணிடம், "நானே வந்து கேட்டாலும் உள்ளிருந்து திறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போவார். கொஞ்ச நேரத்தில் கேப்டனே வந்து நிற்பார். கதவைத் தட்டுவார், திட்டுவார், அழுவார். காவல்காரப் பெண் கண்ணில் தண்ணீர் வழிய நின்றுகொண்டே இருப்பாள், திறக்கவே மாட்டாள். வந்தது கேப்டன் இல்லை, குரல்திருடி என்று கடைசியில் தெரியும். அவளுக்குப் பதக்கம் கொடுப்பார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் என் மகள் சோபாவில் எழுந்து நின்று சல்யூட் அடிப்பாள்.

பழைய பூட்டு மக்கர் பண்ணியபோது என் கணவர் சாக்கு கிடைத்தது என்று வாசல் கதவுக்கு டிஜிட்டல் பூட்டு வாங்கி மாட்டினார். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து விரல் வைக்கலாம், எண் அடிக்கலாம். அவசரத்துக்கு ஒரு சாவியும் உண்டு. உள்ளிருந்து திறக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பேட்டரி செத்தாலும் அது வேலை செய்யும். அதுவும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. மாட்டி முடித்ததும் அப்பாவும் மகளும் அதற்கு மூச்சுப்பூட்டு என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் 'ஃபூ' என்று ஊத வேண்டும். ஆபீசுக்கு நேரமாகி, சென்னை லோக்கலைப் பிடிக்க ஓடும்போதும் நான் ஊதிவிட்டுத்தான் ஓடுவேன். ஊதாமல் போனால் சாயங்காலம் மகளிடம் விசாரணை இருக்கும்.

என் கணவருக்குச் சர்க்கரை உண்டு. வயதானவர்களுக்கு வருகிற வகை இல்லை, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வந்தது. தினமும் ஊசி. காலையில் குளித்துவிட்டு வருவார், இன்சுலின் பேனாவை வயிற்றில் வைத்து அழுத்துவார், டிபனுக்கு உட்காருவார். பல் தேய்க்கிற மாதிரி அது. கை அதுபாட்டுக்குச் செய்துவிடும். அவரும் அதைப் பெரிதாகப் பேச மாட்டார், நானும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன்.

அன்றைக்கு ஆயுத பூஜை. என் கணவர் குளித்துவிட்டு வந்து மணையை நடுக்கூடத்தில் போட்டார். மகளின் பாடப்புத்தகம், இரண்டு லேப்டாப், ஸ்க்ரூடிரைவர், அரிவாள்மணை, கத்தரிக்கோல் எல்லாம் மணை ஏறின. அவர் ஒரு தாம்பாளத்தை எடுத்து வீட்டில் இருக்கிற சாவிகள் அத்தனையையும் அதில் கொட்டினார். பீரோ சாவி, வண்டி சாவி, ஊரில் இருக்கிற வீட்டுச் சாவி, இந்த டிஜிட்டல் பூட்டின் அவசரச் சாவி. "போனும் ஆயுதம்தானே" என்று தன் போனையும் சாவிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைத்தார். சாமிக்கு முன்னால் பொரி, கடலை, வெல்லக்கட்டி, வாழைப்பழம் எல்லாம் ஒரு தட்டில். படைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் வாயில் எதையும் போட வேண்டும் என்பது என் பிறந்த வீட்டிலும் அவர் வீட்டிலும் வழக்கம். காபி மட்டும் அதில் சேராது. அது என் சட்டம்.

மகளுக்குச் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் கொடுத்து வீட்டில் இருக்கிற மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னோம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் வைத்தாள். அப்பா தூக்கிப் பிடிக்க, வாசல் கதவுப் பூட்டுக்கு வெளிப்பக்கம் ஒரு கை நிறையச் சந்தனத்தைக் குழைத்து அப்பினாள். விரல் வைக்கிற இடத்தில் ஒன்று, எண் அடிக்கிற இடத்தில் மூன்று. தண்ணீரும் சந்தனமும் வழிய அந்தப் பூட்டு எங்கள் குலதெய்வம் போல இருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் சிரித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் தயார் என்கிறபோதுதான் வண்டிக்கு உடைக்கப் பூசணிக்காய் வாங்கவில்லை என்று ஞாபகம் வந்தது. "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கதவைச் சாத்தினேன், ஊதினேன். உள்ளேயிருந்து மகள், "மூச்சுப்பூட்டு போட்டாச்சு" என்று கத்தினாள்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் திருவிழாக் கூட்டம். எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒவ்வொரு பூசணிக்காயாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உடைக்கப்போகிற காயைத் தட்டிப் பார்த்து என்ன செய்யப்போகிறாரோ என்று எரிச்சலோடு நின்றேன். திரும்பும்போது ரயில்வே கேட் போட்டுவிட்டான். இரண்டு பக்கமும் மாலை போட்ட ஆட்டோக்களும் வாழைக்கன்று கட்டிய லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. ஒரு லோக்கல் போய், ஒரு எக்ஸ்பிரஸ் போய்க் கேட்டைத் திறக்க நெடுநேரம் ஆயிற்று. நான் ஒன்றும் பதறவில்லை. வீட்டில் இரண்டு பேரும் தொடர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

இரண்டாவது மாடி ஏறி விரலை வைத்தேன். சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். பூட்டில் விளக்கு எரியவில்லை. எண் பலகையில் உள்ளங்கையை வைத்தால் எண்கள் மினுக்கென்று வரும். அதுவும் வரவில்லை. சந்தனத் தண்ணீர் உள்ளே இறங்கிப் பூட்டு செத்துப்போயிருந்தது. அவசரச் சாவி தாம்பாளத்தில் சாமிக்கு முன்னால் இருக்கிறது. நானே என் தலையில் அடித்துக்கொண்டு காலிங் பெல்லை அழுத்தினேன்.

யாரும் வரவில்லை. அவர் போனுக்கு அடித்தேன். உள்ளே மணை மேல் போன் அடிப்பது எனக்கே கேட்டது. கதவைத் தட்டினேன். சின்னக் காலடி ஓடி வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"யாரு?"

"அம்மாடி. திற."

பொத்தான் சத்தம் வரவில்லை.

"அப்பா எங்க? அப்பாவைக் கூப்புடு."

"அப்பா கீழ படுத்திருக்காரு."

"தூங்குறாரா?"

"இல்ல. கண்ணு திறந்திருக்கு. சட்டையெல்லாம் தண்ணியா வேர்த்திருக்கு. என்னென்னவோ பேசினாரு. இப்ப பேசல."

கல்யாணமான புதிதில் ஒருமுறை அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை இறங்கும். முதலில் வேர்க்கும், கை நடுங்கும், பிறகு பேச்சு குழறும், பிறகு நினைவு போகும். அதற்கு மேல் போனால் என்ன என்று மருத்துவர் அன்றைக்குச் சொன்னதை நான் மறந்துவிட முயன்றிருந்தேன். பூஜை என்று சாப்பிடாமல் இருந்தவர் பழக்கத்தில் ஊசியைப் போட்டுவிட்டிருக்கிறார். அந்த எண்ணம் வந்ததும் கையிலிருந்த பை கீழே விழுந்து பூசணிக்காய் படியில் உருண்டது.

"கண்ணு, கதவைத் திற. அந்தப் பொத்தானை அமுக்கு. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல."

"மாட்டேன்."

"ஏன்டி?"

"கேப்டன் ஆர்டர். யாருக்கும் திறக்கக் கூடாது. நீ அம்மாவோட குரல் மட்டும்தான்."

நான் அதுவரை என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை. என் குழந்தை என்னிடம், நிதானமாக, நீ நீயில்லை என்றாள். கொஞ்சினேன், மிரட்டினேன். அவள் பிறந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். முந்தைய நாள் பாத்ரூமில் அவள் பாடிய பாட்டைச் சொன்னேன். "ஞாபகத்தையும் அதுங்க திருடும்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்பாவைக்கூட அதுங்க மாத்திடுச்சு. அவரு வேற மாதிரி பாக்குறாரு" என்றாள். அவள் குரல் நடுங்கியது. அங்கே உள்ளே அவள் எவ்வளவு பயத்தோடு நிற்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அண்ணன் மேலே வந்தார். எங்கள் அபார்ட்மெண்ட் நிற்கிற நிலம் ஒருகாலத்தில் அவர்கள் குடும்பத்து நெல்வயல். இப்போது பூந்தமல்லி ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். அன்றைக்குப் பட்டறைக்கு மதியம்தான் பூஜை என்பதால் வீட்டில் இருந்தார்.

"இன்னா தங்கச்சி, இன்னாத்துக்கு கதவாண்ட கத்திகினு கீற?"

சொன்னேன். என்ன வரிசையில் சொன்னேனோ தெரியாது. அவர் பாதியிலேயே கீழே ஓடினார். ஆம்புலன்ஸுக்கு என் போனில் அடித்தேன். வருகிறோம் என்றார்கள், ஆனால் ரயில்வே கேட் எனக்கு மட்டும் போட்டது இல்லையே. அதற்குள் அண்ணன் ஒரு கடப்பாரையோடு வந்தார். அதற்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்து, நுனியில் ஒரு முழம் சாமந்தி கட்டியிருந்தது. பின்னாலேயே அவர் மனைவி வந்தார்.

"பூசைல வச்சத நாளிக்குத்தான்யா எடுக்கணும்" என்றார் அந்த அக்கா.

"உள்ள ஒரு ஆளு சாவக் கெடக்குறான். சாமி ஒண்ணியும் சொல்லாது, நீ தள்ளி நில்லு."

கடப்பாரையைக் கதவு இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். உள்ளே என் மகள் வீறிட்டாள். அது சாதாரண அழுகை இல்லை. எதிரி கப்பலை உடைத்துக்கொண்டு வருகிறான் என்று நம்பிக் கத்துகிற கத்தல். இரண்டாவது நெம்பலில் காலடி உள்ளே ஓடியது. ஏதோ தடாலென்று விழுந்தது. பூட்டு அசையவில்லை. என் கணவர் அளந்து பார்த்து வாங்கிய பூட்டு, கனமான தேக்குக் கதவு. இரண்டையும் நான் வாயாரச் சபித்தேன்.

"அண்ணே, வேணாம். நிறுத்துங்க. அவ பயந்து எங்கயாவது ஒளிஞ்சுக்குவா" என்றேன்.

"இன்னா பண்றது பின்ன?"

எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. வெளியே போனவள் நான். ஊதியவள் நான். கதவுக்கு அடியில் ஒரு விரல்கடை இடைவெளி உண்டு. கரப்பான் வருகிறது என்று அடைக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்த இடைவெளி. பட்டுப்புடவையோடு நடையில் குப்புறப் படுத்தேன். கன்னத்தைத் தரையில் ஒட்டி, வாயை அந்த இடுக்கில் வைத்தேன்.

"காவலரே" என்று கூப்பிட்டேன். அந்தத் தொடரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பூட்டைப் போட்டவர் திரும்பி வந்திருக்கேன். மூச்சைச் சோதிங்க."

மேலே அண்ணனும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. புருஷன் உள்ளே கிடக்கிறான், இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் ஊதினேன். தூசி திரும்பி என் கண்ணில் வந்து விழுந்தது. மறுபடியும் ஊதினேன்.

காலடி மெதுவாகத் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் அவளும் படுத்தாள். இடுக்கில் அவள் விரல் நுனிகள் நான்கும் தெரிந்தன, சந்தனம் ஒட்டியபடி. தொட்டுவிடலாமா என்று கை துடித்தது. தொட்டால் ஓடிவிடுவாள் என்று அடக்கிக்கொண்டு ஊதினேன். விரல்கள் போயின. அந்த இடத்தில் அவள் மூக்கு வந்தது. உறிஞ்சிப் பார்த்தாள்.

"காபி" என்றாள்.

"ஆமா. காலையில குடிச்சேன்."

"அதுங்க காபி குடிக்காது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்டது.

நான் எழுந்து ஓடினேன் என்று சொல்ல முடியாது. தவழ்ந்துதான் உள்ளே போனேன். அவர் மணைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் வழக்கத்தில் இல்லாததுதான், அன்றைக்கு நாலு தடவை கூப்பிட்டேன். வெல்லம் எடுக்கச் சாமி முன்னால் கையை நீட்டினால் அங்கே தட்டு இல்லை. எங்கே என்று கேட்கவும் நேரமில்லை. சமையலறைக்கு ஓடித் தேன் பாட்டிலை எடுத்து வந்தேன். அண்ணன் அவர் தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். விரலில் தேனைத் தொட்டுத் தொட்டுக் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தேன். அக்கா சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொண்டு, "முழுங்கட்டும், அவசரப்படாத, முழுங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நாக்கு அசைந்தது. அப்புறம் என் விரலைக் கடித்தார். அந்த வலி எனக்கு எவ்வளவு இனித்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. பிறகு சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். நிறம் திரும்பியது. "என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் வந்திருக்கீங்க?" என்றார். ஆம்புலன்ஸ் ஆட்கள் படியேறி வரும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சோதித்துவிட்டு, நல்லவேளை என்றார்கள். இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்துக் குழந்தையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். வாஷ்பேசின் மேல் இன்சுலின் பேனா மூடி திறந்து கிடந்தது.

எல்லாரும் மூச்சு விட்ட பிறகுதான் எனக்குத் தட்டு ஞாபகம் வந்தது.

"சாமி முன்னாடி வச்ச தட்டு எங்கம்மா?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. படுக்கையறைக்கு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு கையாலும் தட்டைப் பத்திரமாக ஏந்திக்கொண்டு வந்தாள். பொரி சிந்தவில்லை. வெல்லக்கட்டிகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன.

"அப்பா எடுக்க வந்தாரு. நான் குடுக்கல" என்றாள். "சாமி கும்புடுற வரைக்கும் யாருக்கும் குடுக்கக் கூடாது, கேப்டனே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு அப்பாதான் ஆர்டர் போட்டாரு. நான் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டேன்."

நான் பூசணிக்காய் வாங்கப் போனதும், குழந்தை வெல்லத்தில் கை வைக்காமல் இருப்பதற்கு இவர் செய்த தந்திரம் அது. தட்டுக்கு அவளையே காவல் போட்டுவிட்டார். அப்புறம் உடம்பு கேட்டபோது, புத்தி கலங்கிய நிலையிலும் இனிப்பு எங்கே இருக்கிறது என்று கை சரியாகத்தான் தேடியிருக்கிறது. காவல் பலமாக இருந்தது.

நான் அந்த வெல்லத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் மட்டும் நடுங்குகிற கையைத் தூக்கி அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். "சபாஷ் காவலரே" என்றார். அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும், ஓங்கி ஓர் அறை விட வேண்டும் என்றும் ஒரே சமயத்தில் எனக்குத் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. கற்பூரம் ஏற்றினேன்.

அவளிடம் எதையும் சொல்வதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். அப்பாவுக்கு மயக்கம் வந்தது, அம்மா வந்து தேன் கொடுத்தாள், சரியாகிவிட்டது. அவ்வளவுதான் கதை. கதவுக்குச் சாதாரணப் பூட்டு வந்தது, திண்டுக்கல்லில் என் அப்பா வாங்கி அனுப்பியது. விண்வெளித் தொடரை நாங்கள் போடுவதை நிறுத்தினோம். அவளும் கேட்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது, குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் மட்டும் இப்போது ஊசி போடுவதற்கு முன்னால் தட்டில் இட்லி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். நானும் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த வருடம், பள்ளி திறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எதிரே உட்கார்ந்து அந்த ரத்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அன்னிக்கு அந்தத் தட்டை நான் குடுத்திருந்தா நீ விழுந்திருக்க மாட்ட. இல்ல?"

தோசைக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது.

"யாரு சொன்னா உனக்கு?" என்றேன்.

"யாரும் சொல்லல. சர்க்கரை கம்மியானா இனிப்பு சாப்புடணும்னு அப்பா போன்ல பாட்டிகிட்ட சொன்னாரு. நானே யோசிச்சேன்."

எப்போது அவர் போனில் பேசினார், எத்தனை நாளாக இவள் இதை மனதில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் நாற்காலியை நகர்த்தினார்.

"ஆர்டர் போட்டது நான்தானடா. நீ சொன்னபடி செஞ்ச. நான் விளையாட்டுக்குக் கேக்குறேன்னு நினைச்சிருப்ப. அதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"விளையாட்டுக்குக் கேக்கல. நீ அழுத. ஒரே ஒரு வெல்லக்கட்டி குடும்மான்னு கட்டில்கிட்ட வந்து உக்காந்து அழுத."

அவருக்கு அது எதுவும் நினைவில் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது, நான் நகரவில்லை.

"அப்புறம்?" என்று கேட்டார்.

"அப்புறம் நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன்."